சுட்டமலை வீட்டுக் கல்யாணம்

கரட்டுப்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே இருக்கிறது. செலவு பண்ணத்தான் மனசு வராது.

அந்த ஊரில் தவசி, ஒச்சப்பன், விருமன், மொக்கைச்சாமி என்று நாலு கூட்டாளிகள் கொட்டகை போட்டு சோப்புக் காய்ச்சினார்கள். தவசிக்கு வியாழக்கிழமை கல்யாணம். பெண், அடுத்த தெரு சிலம்பாயி. அவள் வீட்டில் சம்மதம் வாங்குவதற்குள் பயல் படாத பாடு பட்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை சோப்பு வாங்க ஜெயசீலி டீச்சர் வந்தார். டவுன் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுப்பவர். பேச்சோடு பேச்சாக ஒரு சேதி சொன்னார்.

"ஸ்வீடன்ல ஸ்வெட்பெர்க்னு ஒரு கெமிஸ்ட் இருந்தாருப்பா. நோபல் பரிசே வாங்கினவரு. அது குடும்பப் பேரு. எரிச்சுத் திருத்தின காடு, மலை, ரெண்டும் சேர்ந்த பேரு. சுட்டமலைன்னு வச்சுக்கங்களேன். குடும்பத்துக்கே அந்த ஒரே பேருதான். கல்யாணமானா பெரும்பாலும் பொண்டாட்டிக்கும் அதுதான்."

டீச்சர் போய்விட்டார். சேதி கொட்டகையிலேயே தங்கிவிட்டது.

"நாமளும் கெமிஸ்ட்ரிதானே பண்றோம், நமக்கு ஏன் பரிசு வரலை?" என்றான் ஒச்சப்பன்.

"நமக்கு வெறும் இனிஷியல்தானே இருக்கு? பரிசு கொண்டாரவன் எதைச் சொல்லி வீடு விசாரிப்பான்?" என்றான் விருமன்.

"அப்ப சுட்டமலைன்னே வச்சுக்குவோம்" என்றான் தவசி.

"மலையைச் சுடாமலா? பொய்ப்பேரு வச்சா சாமி கண்ணைக் குத்தும்" என்றான் மொக்கைச்சாமி.

நியாயம்தானே? மலை என்று ஊருக்கு இருந்த ஒரே கரட்டில் நாலு பேரும் ஏறினார்கள். மொட்டைப் பாறை. பற்றவைக்க ஒரு புல்கூட இல்லை. கீழே பார்த்தால் தவசி வீட்டு வாசலில் கல்யாணப் பந்தல், நன்றாகக் காய்ந்த தென்னங்கீற்று. பிரித்துத் தூக்கி வந்து ஆளுக்கொரு பாறையில் போட்டுக் கொளுத்தினார்கள். ஆளுக்கொரு கரித்திட்டு விழுந்தது. அன்றிலிருந்து நாலு பேருக்கும் பேர் சுட்டமலை.

சாயங்காலம் சோப்பு பொங்கியது. "சுட்டமலை, அடுப்பை அணைடா!" என்று ஒச்சப்பன் கத்தினான். யாரைச் சொல்கிறான் என்று மற்ற மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோப்பு தெருவில் ஓடியது.

அதில் வழுக்கிக்கொண்டே சிலம்பாயி வந்தாள். "பந்தல் எங்கே?" என்றாள். விவரம் சொன்னார்கள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்ப கட்டிக்கிட்டா நானும் சுட்டமலையா? வெளங்கிரும்!"

"கட்டுற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும் தாயி?" என்று மொக்கைச்சாமி அங்கேயே மஞ்சள் தண்ணி தெளித்து, காதில் மூன்று தரம் பேரைச் சொல்லிவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். தவசி மட்டும் பேயறைந்த மாதிரி நின்றான்.

"அடப்பாவிகளா! ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேருன்னா நாங்க பங்காளியில்லையாடா? பங்காளிக்குள்ள எவன் தாலி கட்டுவான்? அவ எனக்குத் தங்கச்சி ஆயிட்டாளேடா!"

ஓவென்று அழுதான். எனக்கே பாவமாக இருந்தது.

"அவகிட்ட இருந்து பேரைத் திருப்பி வாங்கிட்டா என்ன?" என்றான் விருமன்.

"பொறந்தவளுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? அண்ணன்மாரு நாம எதுக்கு இருக்கோம்?" என்று ஒச்சப்பன் சீறினான். "தவசி பேரைக் கழுவிருவோம்."

மறுநாள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, தவசியின் கரித்திட்டைத் தேய்த்தார்கள். அவர்கள் சோப்பு நுரைக்கிற ஜாதி இல்லை. கை கொப்பளித்ததுதான் மிச்சம் என்றாலும், எப்படியோ பாறை வெளுத்தது. தவசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை கொளுத்துகிற வெயிலில், பந்தலில்லாமல் தாலி கட்டினான். அப்படி ஒரு சந்தோஷம் அவன் முகத்தில். வாழ்த்த வந்த ஜெயசீலி டீச்சரிடம் பணிவாகக் கேட்டான்.

"டீச்சர், கல்யாணமானா புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே பேருதானே?"

"பெரும்பாலும் அப்படித்தான்பா."

தவசி சிலம்பாயியைப் பார்த்தான். கரட்டைப் பார்த்தான்.

"டேய், அவ சுட்டமலைடா! அப்ப நானும் மறுபடி..."

"எடுங்கடா குடத்தை!" என்று கத்தினான் ஒச்சப்பன். நாலு பேரும் ஓடினார்கள், மாப்பிள்ளை மாலையோடு முன்னால்.

சிலம்பாயி நிதானமாகப் பந்தியில் உட்கார்ந்து இலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பாயசத்தை ஊத்துங்க. எங்கண்ணன் மலையிறங்கி மறுபடி தாலி கட்ட வர நேரமாகும்."