ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முகூர்த்தம்

சோணைப்பட்டிக்காரர்களிடம் ஆயிரம் குறை இருக்கலாம். சொன்ன பேச்சைத் தட்டினார்கள் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. வினையே அதில்தான் வந்தது.

ஊரை நடுவில் பிளந்துகொண்டு நாலுவழிச் சாலை வந்த பிறகு விபத்துகள் பெருகிவிட்டன. சாலைப் பாதுகாப்பு வாரம் என்று இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, முந்தின வருஷம் ஏழு, போன வருஷம் பதினொன்று என்று பலகையில் கோடு போட்டுக் காட்டினார். கோடு மேலே ஏறியது. நம் ஊரில் ஏதோ ஒன்றாவது ஏறுகிறதே என்று ஜனங்கள் கைதட்டினார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டிகூடத் தெரியாவிட்டால்தான் ரோட்டைக் கடக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் கேட்கும்படி மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பெரியகருப்பனுக்குக் கல்யாணம். முப்பத்தாறு வயசில், பதினாலு ஜாதகம் தட்டிப்போய், பதினைந்தாவதாகத் தகைந்தவள் தவமணி. மாப்பிள்ளை வீடு ரோட்டுக்குக் கிழக்கே. பெண் வீடும் பந்தலும் மேற்கே. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. அதை விட்டால் ஏழு மாசத்துக்கு நாள் இல்லை என்று ஜோசியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

எட்டரைக்கே மாப்பிள்ளை ஊர்வலம் ரோட்டோரம் வந்து நின்றது. அன்றைக்குப் பார்த்து ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. பெரியகருப்பன் காலைத் தூக்கினான். தாய்மாமன் வெள்ளைச்சாமி அவன் மாலையைப் பிடித்து இழுத்து, பஞ்சர் கடை வாசலில் நின்ற லாரியைக் காட்டினார்.

“மாமா, அது மூணு மாசமா செங்கல் மேல நிக்குது. டயரே கெடையாது.”

“டயர் இல்லேன்னாலும் அது லாரிதானப்பா?”

“டிரைவரும் இல்லியே.”

“அது இன்னும் ஆபத்து. பிரேக்கு யாரு போடுவா?”

பெரியகருப்பனுக்கு அது நியாயமாகவே பட்டது. லாரி கிளம்பிப் போகட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மேளக்காரர் இரண்டு தடவை கெட்டிமேளம் வாசித்துப் பார்த்தார், அது அசையவில்லை. எதிரே பந்தல் வாசலில் தவமணி மாலையோடு நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். அறுபதடி தூரம்தான். பெரியகருப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மணி ஒன்பதைத் தாண்டியதும் அவனுக்கே மூளை வேலை செய்தது. “நாம எதுக்கு ரோட்டைக் கடக்கணும்? பஸ் ஏறி டவுனுக்குப் போனா, அதே பஸ் பஸ்ஸ்டாண்டுல திரும்பி வந்து மேற்கால எறக்கி விட்டுரும்ல?”

கல்யாணக் களை வந்ததும் அறிவும் வந்துவிட்டது என்று எல்லோரும் மெச்சினார்கள். சீர்த்தட்டு, மேளம், வெள்ளைச்சாமி எல்லாம் பஸ் ஏறின.

பத்து மணிக்கு மேற்கே இறங்கினால், பந்தலில் சமையல்காரர் ஒருவர்தான் சாம்பாருக்குக் காவல் இருந்தார். பெண் வீட்டார் எங்கே என்று கேட்டதற்குக் கரண்டியை எதிர்ப்பக்கம் நீட்டினார். அங்கே, வடக்கே போய்த் திரும்பி வந்த ஒரு பஸ்ஸிலிருந்து தவமணி இறங்கிக்கொண்டிருந்தாள். லாரி கிளம்புகிற வழியைக் காணோம் என்று அவர்களும் இதே யோசனையைச் செய்திருந்தார்கள்.

பெரியகருப்பன் போன் போட்டான்.

“நீ அங்கனயே இரு தவமணி, நாங்க வந்துர்றோம்.”

“மாப்பிள்ளையை அலையவிட்டா நல்லாவா இருக்கு? நீங்க இருங்க, நாங்க வர்றோம்.”

இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வெள்ளைச்சாமி போனை வாங்கி, சம்பந்திகளுக்குள் ஏற்றத்தாழ்வு வந்துவிடக் கூடாது என்று பொதுவாக ஒரு முடிவு சொன்னார். அதன்படி இரண்டு வீட்டாரும், ஒரு நொடி முன்னே பின்னே இல்லாமல், சேர்ந்தாற்போல் பஸ் ஏறினார்கள்.