சாவடிச் சுவரில் பதின்மூன்றாவது படம்

நாரைப்பாக்கம் ஏரிக்கரையில் செண்பகவல்லி என்றொரு பெண்மணி இருந்தாள். நாற்பது வயது நிரம்பவில்லை. பறவைகளையும் மனிதர்களையும் படம் பிடிப்பது அவள் தொழில். கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள். அவளைவிட மூத்தவர்களும் அவளை டீச்சர் என்றே அழைத்தார்கள்.

ஐப்பசி பிறக்கும்போது அந்த ஏரிக்கு நாரைகள் வரும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த பெண்கள் என்பார்கள் ஊரார். அவை பயந்துவிடக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடிச் சத்தம் கேட்காது. பங்குனியில் பறவைகள் திரும்பிப் போனபின், அந்த வருஷத்துப் படங்களில் ஒன்றை டீச்சர் எடுத்துக் கொடுப்பாள். அது ஊர்ச் சாவடிச் சுவரில் ஏறும். கீழே, எடுத்தவர் பெயர்.

சுவரில் பன்னிரண்டு படங்கள் இருந்தன. பன்னிரண்டுக்கும் பிரேம் போட்டவர் தணிகாசலம். அந்த ஊரில் பிரேம் கடை அவருடையது ஒன்றுதான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பன்னிரண்டு பெயர்களையும் அவர்தான் தூரிகையால் எழுதினார். ஒவ்வொரு பெயரை எழுதும்போதும் அவருக்கு நெஞ்சு கரித்தது. கண்ணாடி என்னுடையது, சட்டம் என்னுடையது, எழுத்து என்னுடையது, பெயர் மட்டும் எவனுடையதோ என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி அவள் காது புளித்துவிட்டது.

ஐம்பத்தேழாவது வயதில் பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு டீச்சரிடம் போய் நின்றார். ஒரே ஒரு தடவை தன் பெயரைத் தானே எழுதிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இரண்டு மாதம் கழித்து அவருடைய சகலை மாசிலாமணியும் அதே டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

மாசிலாமணி ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். தணிகாசலத்தின் மைத்துனியைக் கட்டியவர். தலை தீபாவளிக்கு மூத்த மாப்பிள்ளையான தணிகாசலத்துக்கு மாமனார் வேட்டி எடுத்தார். அடுத்த வருஷம் இளைய மாப்பிள்ளை மாசிலாமணிக்கு வேட்டியோடு கைக்கடிகாரமும் வந்தது. கறி எடுத்தால் ஈரல் மாசிலாமணி இலைக்குத்தான் போகும். மாமியார் வீட்டுக் கூடத்தில் இரண்டு கல்யாணப் படங்கள் மாட்டியிருக்கின்றன. நடுவில் இருப்பது மாசிலாமணியுடையது. இருபத்தாறு வருஷமாகியும் தணிகாசலம் இதில் ஒன்றையும் மறக்கவில்லை. மாசிலாமணிக்கோ ஒன்றும் ஞாபகமில்லை. அதுவே தணிகாசலத்துக்குப் பெரிய குறை.

டீச்சர் எல்லாருக்கும் ஒரே பாடம்தான் வைத்தாள். ஓர் இடத்தில் உட்கார வேண்டும். ஒரு பறவையை மட்டும் பார்க்க வேண்டும். அது என்ன செய்யப் போகிறது என்று முன்கூட்டியே தெரிகிறவரை கேமராவைத் தொடக் கூடாது.

தணிகாசலத்தால் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. கோரைப்புல் குத்தியது, கொசு கடித்தது. எழுந்து இங்கே பத்து, அங்கே பத்து என்று ஒரு காலைக்குள் முந்நூறு படம் எடுப்பார். டீச்சர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கேமராவைத் திருப்பிக் கொடுப்பாள். மாசிலாமணி நாலே படம் கொண்டுவருவார். டீச்சர் ஒன்றில் நிற்பாள். "ம்" என்பாள்.

அந்த 'ம்'முக்காகத் தணிகாசலம் தன் கடையையே எழுதிக் கொடுத்திருப்பார்.

"என்ன சகல, நாரை உங்களைக் கண்டா முதுகைக் காட்டுதாமே, பொண்ணு பார்க்கப் போன வீட்டுல பொண்ணு வெட்கப்படுற மாதிரி," என்று மாசிலாமணி சிரிப்பார். சிரித்துக்கொண்டே தூக்குவாளியைத் திறந்து இட்லியை நீட்டுவார். தணிகாசலம் வாங்க மாட்டார்.

ஒரு நாள் அவர் டீச்சரிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"எனக்கு ஏன் வரலை, டீச்சர்?"

"இன்னிக்கு எந்தப் பறவையைப் பார்த்தீங்க, அண்ணே?"

"மூணாவது மரத்து நத்தைகுத்தி நாரை."

"அது என்ன பண்ணுச்சு?"

தணிகாசலம் யோசித்தார். "நின்னுச்சு," என்றார்.

"மாசிலாமணி என்ன பண்ணாரு?"

உடனே பதில் வந்தது. அவன் ஆறு மணிக்கு வந்தான். வலப்பக்கம் வெயில் வரும் என்று தெரிந்து இடப்பக்கம் உட்கார்ந்தான். இரண்டு முறை லென்ஸைத் துடைத்தான், இரண்டாம் முறை வேட்டி நுனியால். மூன்று இட்லி தின்றான். நாலாவதை எறும்புக்குப் போட்டான். ஏழே காலுக்கு மூச்சை அடக்கினான், ஆனால் பொத்தானை அமுக்கவில்லை.

டீச்சர் கடைசிவரை கேட்டாள். "போயிட்டு நாளைக்கு வாங்க," என்றாள்.

தை பிறந்தது. கூடுகளில் குஞ்சுகள் பொரிந்தன. அந்த நாட்களில் ஏரிக்குள் ஓர் எல்லை உண்டு. சிவப்புத் துணி கட்டிய கழிகளை நட்டு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டி ஒருவரும் கால் வைக்கக் கூடாது. ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும், குஞ்சு வெயிலில் காயும். தாண்டியவன் படம் எத்தனை அழகாக இருந்தாலும் சாவடியில் ஏறாது.

கழிக்கு அந்தப் பக்கம், நாலே எட்டில், தாழ்ந்த கிளையில் ஒரு கூடு இருந்தது. மாசிலாமணி தினமும் அதன் எதிரில்தான் உட்காருகிறார் என்று தணிகாசலத்துக்குத் தெரியும். இத்தனை கிட்டத்தில் கூடு இருந்தால் எவனுக்கும் கால் அரிக்கும். ஒரு நாள் தாண்டுவான். தாண்டும்போது பிடித்துவிட வேண்டும்.

ஒரு நாள் விடியுமுன் கேமராவோடு போய்க் கோரைக்குள் படுத்துக்கொண்டார். ஆறு மணிக்கு மாசிலாமணி வந்தார். ஏழானது. எட்டானது. தணிகாசலம் அசையவில்லை. சகலையின் தோள் எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது, நப்பாசை வந்தால் பெருவிரல் எப்படிச் சேற்றைக் கிளறுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதரைக்கு வெயில் ஏறியது. தாய்நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடித்தது. மாசிலாமணி எழுந்தார். இப்போது தாண்டுவான் என்று தணிகாசலத்துக்கு முன்கூட்டியே தெரிந்தது. வலக்கால் நகர்ந்தது. கழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. தணிகாசலம் பொத்தானை அமுக்கினார். ஒரே ஒரு படம்.

கால் அதற்குமேல் போகவில்லை. மாசிலாமணி கேமராவைக் கீழே வைத்துவிட்டு, நெற்றிக்குமேல் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் தணிகாசலம் விடவில்லை. நேராக டீச்சரிடம் போனார். கால் கழி கிட்டேயே இருப்பதைப் பாருங்கள், இன்றைக்கு ஒரு சாண், நாளைக்கு உள்ளே போவான், இப்போதே கண்டித்து வைப்பது நல்லது என்று ஒரு மனு மாதிரிச் சொல்லி முடித்தார்.

டீச்சர் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"எத்தனை மணிக்குப் போனீங்க?"

"அஞ்சு."

"கொசு இல்லையா?"

"கவனிக்கலை."

"கால்ல ரத்தம் வருது, அண்ணே."

குனிந்து பார்த்தார். கெண்டைக்காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. அப்போதுதான் வலித்தது.

"படம் எங்கிட்ட இருக்கட்டும்," என்றாள் டீச்சர்.

மனு ஏற்கப்பட்டது என்று தணிகாசலம் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பங்குனி வந்தது. நாரைகள் போய்விட்டன. டீச்சர் அவரைக் கூப்பிட்டனுப்பினாள். மேசைமேல் பழுப்புக் காகிதம் சுற்றிய படம் இருந்தது. வழக்கம்போல் பிரேம் போட்டு, பெயர் எழுதி, சாவடிக்கு எடுத்துவரச் சொன்னாள்.

"யார் பேரு?" என்றார் தணிகாசலம்.

"பிரிச்சுப் பாருங்க."

பிரித்தார். மாசிலாமணியின் முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணில் அத்தனை ஆசை. எதிரே விரிந்த சிறகின் நிழல் கன்னத்தில் விழுந்திருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் அத்தனை அழகாக இருந்து அவர் பார்த்ததில்லை.

படத்தைத் தள்ளி வைத்தார். மாமியார் வீட்டில்தான் நடுச்சுவர் அவனுக்கு என்றால், இங்கேயும் அவன் மூஞ்சிதானா என்றார். இத்தனை நேரம் எவன் உட்கார்ந்து இதை எடுத்தானோ, அவனுக்கு வேறு வேலை இல்லையா என்றார்.

டீச்சர் படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். சிவப்புத் துணி. கழி. ஒரு சாண் தள்ளி ஒரு கால்.

அவரே எடுத்த படம்; அன்றைக்கு அதில் அந்தக் கால் மட்டும்தான் அவர் கண்ணில் பட்டிருந்தது.

"அப்ப பேரு..."

"உங்க பேருதான். நீங்களே எழுதுங்க."

பன்னிரண்டு வருஷமாகக் கேட்ட வரம் கிடைத்தது. அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"பேரு என்னுது, மூஞ்சி அவனுதா?"

"ஆமா."

"வர்றவன் எல்லாம் அவனைத்தானே பார்ப்பான்?"

"பார்ப்பாங்க. ஆனா நீங்க பார்த்த மாதிரி முடியாது."

வேறொன்று தரலாமே என்றார். முந்நூறு முந்நூறாக எத்தனை நாரை எடுத்திருக்கிறார். அதில் ஒன்றுகூடவா தேறாது? டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் படத்தை மறுபடியும் கையில் எடுத்தார். வைத்தார். எடுத்தார். கடைசியில் குரல் தாழ்ந்து உண்மை வந்தது.

"டீச்சர், இது நான் ஆசையா எடுத்ததில்லை. பொறாமையில எடுத்தது. அவனை மாட்டிவிடணும்னு எடுத்தது. இது எப்படிச் சாவடியில ஏறும்?"

டீச்சர் பழுப்புக் காகிதத்தை எடுத்து மடிப்புக் கலையாமல் மறுபடி சுற்றி, அவர் கையில் கொடுத்தாள்.

"ஐப்பசில நாரை வரும், அண்ணே," என்றாள். "ஒரு நாரைமேலயும் இதே மாதிரி பொறாமைப்படுங்க."