உப்பு கூடிப்போன விளக்கு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வெள்ளத்தாய் காலையிலிருந்தே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மந்தைக்குளத்துக் கபடி மைதானத்துக்கு அவள்தான் காவல். கம்பத்து உச்சியில் ஹாலைடு என்ற புது மாதிரி விளக்கை மாட்டிய எலக்ட்ரீசியன், சொல்ல வேண்டியதையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். அந்த ஊரில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே இல்லை என்பது அவனுக்குத் தெரியாது, பாவம்.

சாயங்காலம் இறுதி ஆட்டம். மேலக்கரை அணி வந்து நிற்கும்போது வெளிச்சம் இல்லையென்றால் கோப்பை அவர்களுக்கு, வெள்ளத்தாயின் வேலை வேறு யாருக்கோ. கமிட்டித் தலைவர் குருவையா அப்படித்தான் சொல்லியிருந்தார்.

பொழுது சாயவும் சுவிட்சைப் போட்டார்கள். விளக்கு சீக்குக் கோழி மாதிரி மங்கலாக முழித்தது.

“ஏ வெள்ளத்தாயி, அந்த ஆளு என்னதான் சொன்னான்?” என்று கேட்டார் குருவையா.

“பல்புக்குள்ள அயோடின் உப்பு இருக்காம் அண்ணாச்சி. அது சூட்டுல உருகி ஆவியானாத்தான் நல்ல வெளிச்சமாம். கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னாரு. அணைச்சிட்டா, ஆறினப்புறம்தான் மறுபடி எரியுமாம்.”

பொறுத்திருப்பதற்கு ஒரு கமிட்டி எதற்கு? அங்கேயே கூட்டம் போட்டார்கள்.

“உப்புல எரியுற விளக்கு. வெளிச்சம் கம்மி. அப்போ?” என்றார் குருவையா.

“உப்பு கம்மி,” என்றார் பொருளாளர் அய்யனு. ஐந்தாம் வகுப்பைப் பல வருஷம் ஆழ்ந்து படித்தவர்.

“கல்லுப்பா, தூளுப்பா?”

“அயோடின்னு சொல்லுதாளே. பாக்கெட் உப்புதான்.”

சுவிட்சை அணைத்தார்கள். அய்யனு ஏணியில் ஏறி, ஒரு பாக்கெட் உப்பை விளக்கின் தலையில் கொட்டினார். பாதி, கம்பத்தோடு வழிந்தது. மறுபடி சுவிட்சைப் போட்டால், இருந்த மங்கலும் இல்லை.

“இன்னும் ஆறலை அண்ணாச்சி…”

“நீ சும்மா இரு. உப்பு கூடிப்போச்சு. ஏல அய்யனு, அது கையா, உப்பளமா?”

“சரி, குழம்புல கூடிப்போனா உங்க வீட்டுல என்ன செய்வாக?” என்றார் அய்யனு.

“உருளைக்கிழங்கு வெட்டிப் போடுவா.”

ஊர் எல்லையில் மேலக்கரை வேன் ஹாரன் அடித்தது. வெள்ளத்தாய் வீட்டுக்கு ஓடி, கிழங்கோடு ஓடிவந்தாள். தோலோடு போடுவதா, சீவிப் போடுவதா என்று ஒரு வழக்கு நடந்தது. சீவி, வெட்டி, துணியில் முடிந்து கம்பத்தில் கட்டுவதற்குள், மேலக்கரைக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக் கனம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சுவிட்சைப் போட்டார்கள். விளக்கு மினுங்கியது. எல்லோரும் கிழங்கைக் கும்பிட்டபடி நிற்க, கொஞ்சம் கொஞ்சமாக மைதானம் பட்டப்பகலானது.

“கிழங்கு உப்ப இழுத்துட்டு பாத்தியாலே!” என்று குருவையா துள்ளினார். மேலக்கரைக்காரர்கள், எந்தக் கடைக் கிழங்கு என்று கேட்டு வைத்துக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் தலைவர் வெள்ளத்தாயைக் கூப்பிட்டார். “இனிமே உப்பு பாத்துட்டுத்தான் விளக்கு போடணும். கூடக் கொறைய இருந்துச்சு, வேலை போயிரும்.”

அன்றிலிருந்து சாயங்காலமானால், வெள்ளத்தாய் கம்பத்தை ஒரு நக்கு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சில் கை வைக்கிறாள். கரண்டுக் கம்பமாயிற்றே, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? அவளுக்கும் பயம் உண்டு. அதனால் நாக்கை நீட்டுமுன், மறக்காமல் காலில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்கிறாள்.