நாலு சால்வைக் கோடை

செம்பாறைப்பட்டணம் என்று ஓர் ஊர். எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், கதைக்குள் இருக்கிறது. அங்கே விருப்பாட்சி பூபதி என்று ஒரு ராஜா. கெட்டவர் இல்லை. வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்.

கொலுமண்டபத்தின் எட்டு வாசலிலும் வெட்டிவேர்த் தட்டி தொங்கும். பன்னிரண்டு பேர் பகல் முழுக்க அதில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். எட்டுப் பேர் விசிறுவார்கள். ராஜாவுக்குச் சித்திரையும் மார்கழியும் ஒன்றுதான்.

ஞாயிறுதோறும் காலக்கணியர் பஞ்சநதம் வந்து, வரப்போகிற ஏழு நாளின் வானிலையை ஓலை பார்த்து வாசிப்பார். அடுத்த ஞாயிறு ராஜா சிம்மாசனத்தில் இருந்தபடியே, "பலித்தது" என்பார். உடனே ஒரு சால்வை. வானத்தைப் பார்த்துக் கணிப்பதைவிட மண்டபத்தைப் பார்த்துக் கணிப்பது சுலபம் என்று பஞ்சநதம் எப்போதோ கண்டுகொண்டார். வீட்டில் நாற்பத்தொரு சால்வை சேர்ந்துவிட்டது.

ஊரில் ஒரு சட்டம் உண்டு. கணியர் 'கோடை' என்று சொல்லி, ராஜா தலையாட்டினால்தான் கோடை. அப்போதுதான் கோட்டை மதில் வேலைக்கு உச்சிப்பொழுதில் ஓய்வு. அப்போதுதான் தண்ணீர்ப்பந்தல். ராஜாவுக்கோ வைகாசித் திருவிழாவுக்குள் மதிலை முடித்துவிட ஆசை. அது கணியருக்கும் தெரியும்.

சித்திரை பிறந்த முதல் ஞாயிறு. பஞ்சநதம் வாசித்தார்.

"திங்கள், இளந்தென்றல். செவ்வாய், மேகமூட்டம். புதன், அதிகாலையில் சால்வை தேவைப்படலாம். மற்ற நாலு நாளும் இதமான குளிர்."

அப்போது தட்டியை விலக்கிக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். மதிலுக்குக் கல் சுமக்கும் பொன்னுருவி.

"சாமி, மதில் மேல காவல் தெய்வம் இருக்குன்னு செருப்பு போடக் கூடாதுங்கறாங்க. போடல. ஆனா கல்லு தோசைக்கல்லாட்டம் காயுது. நேத்து என் வூட்டுக்காரர் கல்லோட சாஞ்சுட்டாரு. இன்னும் எந்திரிக்க முடியல. உச்சிப்பொழுதுல ரெண்டு நாழிகை நிழல் குடுங்க, போதும்."

ராஜாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "குளிர்காலத்தில் எதற்கம்மா நிழல்?"

ராஜாவுக்குப் பேச்சுத்துணையாக இருந்த மாசிலாமணி மெல்ல எழுந்தார்.

"மகாராஜா, கணியர் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. ஏழு நாளும் குளிராம். அதில் ஈரத் தட்டி வேறு, விசிறி வேறு. தங்களுக்குச் சளி பிடித்தால்?"

"அட, ஆமாம்."

"இந்த இருபது பேரையும் மதில் வேலைக்கு அனுப்பிவிட்டால் மதிலும் சீக்கிரம் எழும்பும்."

"பிரமாதம்!" என்றார் ராஜா. பஞ்சநதம் ஈரத் தட்டியை ஏக்கத்தோடு பார்த்தார்.

திங்கட்கிழமை பத்து நாழிகைக்குள் தட்டிகள் காய்ந்து மொறமொறத்தன. ராஜா கழுத்தைத் துடைத்தார்.

"கணியரே, இதுதான் இளந்தென்றலா?"

"ஆம்... மகாராஜா."

"ஐயோ, கணியர் நடுங்குகிறார்," என்ற மாசிலாமணி, அவர் வீட்டிலிருந்தே வரவழைத்த சால்வை ஒன்றை அவருக்குப் போர்த்திவிட்டார்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது சால்வை. "மேகமூட்டம் ஐயா. ஜாக்கிரதையாக இருக்கணும்."

புதன்கிழமை மூன்றாவது. "இன்றைக்குத் தேவைப்படும் என்று நீரே சொன்னீரே?"

"அதிகாலையில் என்றுதானே ஓய் சொன்னேன்!"

"குளிர் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. மூக்கு நுனியில் பனித்துளி நிற்கிறது பாரும்."

வியாழன் உச்சிப்பொழுது. சிம்மாசனத்தின் பொன் கைப்பிடியில் கை வைத்த ராஜா "ஸ்ஸ்" என்று கையை உதறினார். கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நாலு சால்வைக்குள் பஞ்சநதத்தின் முகம் மட்டும் தெரிந்தது. அதுவும் பழுத்த தக்காளி போல.

"மாசிலாமணி, அந்தத் தண்ணீர்க்காரர்களைக் கூப்பிடய்யா!"

"மதிலில் இருக்கிறார்கள் மகாராஜா. பொழுது சாய்ந்துதான் இறங்குவார்கள்."

"நடுவில் ஓய்வே கிடையாதா?"

"கோடையில் உண்டு. இது குளிர்காலம்."

ராஜா தன் கையைப் பார்த்தார். பிறகு கேட்டார். "அந்தப் பெண் தோசைக்கல் என்றாளே, அது இதைவிடச் சுடுமா?"

"இங்கே மேலே கூரை இருக்கிறது மகாராஜா."

ராஜா கணியரிடம் திரும்பினார். "கணியரே, ஒரே கேள்வி. இப்போது என்ன காலம்?"

பஞ்சநதம் ஒரு சால்வையை உதறினார். இன்னொன்றை உதறினார். "கோடை மகாராஜா! இந்த நிமிஷம்தான் பிறந்தது. நான் நேற்றே கணித்து வைத்திருந்தேன்."

ராஜா தலையாட்டினார். பறை முழங்கியது. மதில் மேல் இருந்தவர்கள் கல்லைக் கீழே போட்டுவிட்டு நிழலுக்கு ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் கோட்டை வாசலில் தண்ணீர்ப்பந்தல் எழுந்தது. அரண்மனை வைத்தியர் பொன்னுருவி வீட்டுக்குப் போனார். மறுநாள் விடிகாலை அவள் புருஷன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.

"என்னை நாலு நாள் வேகவைத்துவிட்டாயே ஐயா," என்று ராஜா மாசிலாமணியைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பரிசு வேண்டும், கேள்."

"ஒன்றே ஒன்று. இனிமேல் வாராவாரம் கணியர் பலன் சொல்லும் இடத்தை மட்டும் மாற்ற வேண்டும்."

அடுத்த ஞாயிறு உச்சிப்பொழுதில், காவல் தெய்வத்துக்கு மரியாதையாகச் செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு, ஓலைக்கட்டோடு பஞ்சநதம் கோட்டை மதில் மேல் ஏறினார். ஊரே கீழே கூடியிருந்தது.

"திங்கள், வெயில்!" என்றார். வலது காலைத் தூக்கினார். இடது காலைத் தூக்கினார்.

"மற்ற ஆறு நாள்?" என்று கேட்டார் குடைக்குள் நின்ற ராஜா.

"அதேதான், அதேதான்!" என்ற பதில் வந்தபோது கணியர் ஏணியில் பாதி இறங்கிவிட்டார்.

நேரே தண்ணீர்ப்பந்தலுக்குத்தான் ஓடினார். பொன்னுருவி ஒரு குவளை மோரை நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, கவலையோடு கேட்டாள்.

"சால்வை கொண்டாரலீங்களா சாமி?"