அம்மை அஞ்சும் அரசன் மகன்

வேங்கைப்புரி மன்னன் வீரபுரந்தரனுக்குப் போரிலும் பேர் இல்லை, கொடையிலும் பேர் இல்லை. பெருமை அடித்துக்கொள்வதில் மட்டும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவனுக்கு ஒரு மகன் பிறந்தான். கேட்க வேண்டுமா!

இளவரசனுக்கு மூன்று மாதம் ஆனபோது அரண்மனைக்குள் சின்னம்மை புகுந்தது. ஓடியாடும் பிள்ளைகள் எல்லாம் கொப்புளமும் அரிப்புமாக வேப்பிலைப் படுக்கையில் விழுந்தார்கள். தொட்டிலில் கிடந்த இளவரசன் மேல் ஒரு பொட்டுக்கூட வரவில்லை. மன்னனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தீரா புலவரே? ராஜரத்தம்! அம்மைகூடப் பயப்படுகிறது!"

ஆஸ்தானப் புலவர் பூவராகர் சும்மா இருப்பாரா? 'அம்மை அஞ்சும் அரசன் மகன்' என்று உடனே ஒரு வரி பாடினார். மன்னன் அதை அரண்மனை வாசலில் கல்லில் வெட்டச் சொன்னான். புலவர் தோளில் ஒரு பட்டுச் சால்வை ஏறியது.

அந்த நாட்டில் சின்னம்மைக்கு ஊசி குத்தும் வழக்கம் உண்டு. ராஜா காலத்தில் ஏது ஊசி என்று கேட்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம். இளவரசனுக்கு ஆண்டு நிறைந்ததும் வைத்தியர் ஆதிமூலம் ஊசியோடு வந்தார். மன்னன் சீறினான்.

"ராஜரத்தத்துக்கு ஊசியா? இனி ஊசி என்று வாயைத் திறப்பவன் எவனாக இருந்தாலும் நாடு கடத்தப்படுவான்!"

வைத்தியர் வாயைப் பொத்திக்கொண்டு போனார். அதே வாரம் கடைத்தெருவில் மறுபடி சின்னம்மை கண்டது. அரசி செங்கமலம் அமைச்சர் நன்னப்பனை அழைத்தாள்.

"இவர் பெருமைக்கு என் பிள்ளையா அகப்பட்டான், அமைச்சரே? எனக்குப் பயமாக இருக்கிறது. ஏதாவது செய்யுங்கள்."

"செய்கிறேன் தாயே. நாளைக்குச் சபையில் நீங்கள் மகாராஜாவை ஒரு பார்வை பார்த்தால் போதும்."

மறுநாள் சபைக்குள் நன்னப்பன் மூன்று பெண்களோடு நுழைந்தார். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு குழந்தை. அதில் ஒன்று போகிறபோக்கில் புலவரின் சால்வையை நனைத்தது.

"என்ன கூத்து இது?" என்றான் மன்னன்.

"மகாராஜா, இவள் மடப்பள்ளிக் குப்பாயி. இவள் பூக்கட்டும் அலர்மேலு. இவள் குதிரை லாயத்து முனியம்மா. போன தடவை அம்மை வந்தபோது இந்த மூன்றும் கைக்குழந்தைகள். இவர்கள் மேலும் ஒரு பொட்டு வரவில்லை."

"அதற்கென்ன?"

"அம்மை அஞ்சுவது ராஜரத்தத்துக்குத்தான் என்று வாசலிலேயே வெட்டி வைத்திருக்கிறோம். ஆகவே இவர்களும் தங்கள்..." நன்னப்பன் இருமினார். "ராஜ்யத்தை நாலாகப் பிரிக்க வேண்டும். அளக்கக் கயிறு கொண்டுவந்திருக்கிறேன்."

அரசி மெல்லத் திரும்பி மன்னனைப் பார்த்தாள். படையெடுத்து வந்த பகைவர்கூட அவனை அப்படிப் பார்த்ததில்லை.

குப்பாயிக்குப் பொறுக்கவில்லை. "நல்லாயிருக்கே நாயம்! எம் புள்ள எம் புருசனுக்குப் பொறந்தது. வாசல்லதான் நிக்கிறாரு, கூப்பிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்!" மன்னனுக்கு வியர்த்து ஊற்றியது. "என் ரத்தத்துக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! வேறு காரணம் இருக்கும். வைத்தியரே, சொல்லுமய்யா!"

இதற்காகத்தான் வைத்தியர் காத்திருந்தார். "இருக்கிறது மகாராஜா. இந்தத் தாய்மார்களுக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போயிருக்கிறது. அதன் காவல் கருவிலேயே பிள்ளைக்கு இறங்கிவிடும்."

"அப்படியானால் இளவரசன்?"

"அவருக்கும் அதே கதைதான். அரசியாருக்கு வந்து போன அம்மைதான் அவரைக் காத்தது. ஆனால் மாதம் ஏற ஏற அந்தக் காவல் கரைந்துபோகும். காவல் பலமாக இருக்கும்போது மருந்தைக் கொடுத்தால் அதையும் எதிரி என்று துரத்திவிடும். அதனால்தான் ஆண்டு நிறையட்டும் என்று பொறுத்தேன். இப்போது காவலும் இல்லை, மருந்தும் இல்லை."

மன்னன் துள்ளி எழுந்தான். "அப்புறம் ஏனய்யா மரம் மாதிரி நிற்கிறீர்? எடும் அந்த ஊசியை!"

நன்னப்பன் கைகட்டிப் பணிவாகக் கேட்டார். "மகாராஜா எந்த நாட்டுக்குப் புறப்படுகிறீர்கள்?"

மன்னனுக்குத் தன் ஆணை நினைவுக்கு வந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "போதுமய்யா! அந்த ஆணை ஒழிந்தது. உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"இந்த மூன்று பிள்ளைகளுக்கும் அதே ஊசி."

அப்படியே ஆயிற்று. நாலு பிள்ளைகளில் அதிகமாக ஊரைக் கூட்டியது ராஜரத்தம்தான். அரசிக்கு அந்த அழுகை கேட்கக் கேட்க நிம்மதியாக இருந்தது.

எல்லாரும் எழுந்தபோது புலவர் ஈரச் சால்வையைப் பிழிந்துகொண்டே முனகினார். "மன்னா, கல்லில் வெட்டிய என் பாட்டு?"

"கவலை எதற்குப் புலவரே?" என்றார் நன்னப்பன். "ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். அம்மை அஞ்சும் *அம்மை* மகன்!"