சங்கு ரேகை

திருமேனி ராஜாவுக்குத் தன் உள்ளங்கைமேல் அப்படியொரு கர்வம். ஊர்க் கிணறுகள் வற்றிப்போய், அரண்மனைக் குளத்தைத் திறக்கச் சொல்லி ஜனங்கள் வந்து நின்றபோதும் அந்தக் கையைத்தான் விரித்துக் காட்டினான்.

"பாருங்கள், சங்கு ரேகை! நான் ஆளப் பிறந்தவன், நீங்கள் அடங்கப் பிறந்தவர்கள். என் பிறப்பைப் பார்த்தவர் யாராவது இல்லையென்று சொன்னால் குளத்தைத் திறக்கிறேன்."

கூட்டத்தில் நின்ற மருத்துவச்சி வெயிலம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. அவன் பிறந்தபோது அந்த ரேகையைச் சொன்னதே அவள்தான். ஒரு தங்கக் காப்புக்கு ஆசைப்பட்டுச் சொன்னாள். இல்லையென்றால் தலை போகும். உண்டென்றால் ஊர் தவித்துச் சாகும்.

குனிந்த தலையோடு முன்னால் வந்தாள்.

"உண்டு சாமி, நான்தான் பார்த்தேன்."

ராஜா மீசையை முறுக்கினான்.

"அன்றைக்கே தண்ணீர்க்காரர் பிள்ளைக்கும் பார்த்தேன். நான் கையில் ஏந்தின அத்தனை பிள்ளைக்கும் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். பெற்றவள் முகம் மலருமே!"

வாசல் காவலன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் கையைப் பார்த்தான். அவன் அம்மாவும் சொல்லியிருந்தாள். சபை முழுக்கக் கைகள் விரிந்தன.

"நான் சொன்னது மெய்யென்றால் இங்கே எல்லாரும் ராஜா. பொய்யென்றால் ஒருவருமில்லை. எது என்று நீங்களே சொல்லுங்கள் சாமி."

ராஜா விரித்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையால் கொடுக்கிறோம் என்றுகூடத் தோன்றாமல் குளத்துச் சாவியை நீட்டினான்.

சாவியை வாங்கிய வெயிலம்மா காப்பைக் கழற்றி அவன் காலடியில் வைத்தாள்.

"மற்ற வீடுகளில் சும்மாதான் சொன்னேன் சாமி. கூலி வாங்கினது இங்கே மட்டும்தான்."