பின்னறைப் பூட்டு

ஊர் முடிந்து கல்குவாரிக்கு லாரிகள் திரும்புகிற இடத்தில் நாய்களுக்கான காப்பகம் ஒன்று இருந்தது. ஒரு துடைப்பமும், ஒரு அலுமினியத் தட்டும், ஒரு பூட்டும் அதை நடத்திவந்தன. அங்கே துடைப்பம் வைத்ததுதான் சட்டம். தட்டு எல்லா நாய்க்கும் சோறு கொண்டுபோகும். பூட்டு அதிகம் பேசாது.

நகரத்தில் ஒரு பெரிய காப்பகம் உண்டு. சின்னக் காப்பகங்களுக்கு ஒரு வருஷம் கூடவே நின்று கைகொடுப்பதாக அது சொல்லியிருந்தது. முதலில் அதன் மருந்துப் பை வரப்போகிறது என்று தகவல் வந்ததும் துடைப்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்ததிலிருந்து பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பார்த்துத்தான் மொச்சை எழுந்திருக்கவில்லை.

மொச்சை ஒரு குட்டி நாய். இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"நேத்திலேர்ந்து எங்கிட்ட வாயே வைக்கலக்கா. வாந்தி. ரத்தமா வேற போகுது," என்றது தட்டு.

"நாள் பாத்தியா அதுக்கு! வர்றவரு வாசல்லயே மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கணுமா? பின்னறையில போடு. ஒரு மணி நேரம்தானே, அவரு போனதும் பாத்துக்கலாம். என்னப்பா பூட்டு?"

"சொன்னா பூட்டுறேன்."

தட்டு எதிர்த்துப் பேசவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. போன வாரம் ஒரு செவலை நாய் இதே போல வாந்தியெடுத்துச் செத்தது. அது மிச்சம் வைத்த சோற்றைக் கொட்டிவிட்டு, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, தட்டு நேரே மொச்சையிடம்தான் போயிருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பத்து மணிக்குப் பை வந்தது. கறுப்பாக, பளபளவென்று. உள்ளே ஏதோ தளும்பியது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சுவரோடு ஒட்டியே வைத்துக்கொண்டு நடந்தது.

"வாங்கய்யா, வாங்க. ஏழை இடம். ஏதோ இருக்கோம்," என்றது துடைப்பம்.

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? எங்க இடத்தைவிடச் சுத்தமா இருக்கே."

"ஐயாவுக்குக் கிண்டல்!"

பை ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தது. எல்லா நாயும் வாலாட்டின. "முடியாம இருக்கிறது ஏதாவது இருந்தா காட்டுங்க. குளுக்கோஸ் ஏத்துறதுக்கு எல்லாம் கொண்டாந்திருக்கேன்."

"உங்க புண்ணியத்துல ஒண்ணுக்கும் ஒரு குறையும் இல்லைங்க."

அப்போது பின்னறைக்குள் மெல்லிசாக ஒரு முனகல் கேட்டது.

"அது குவாரி நாய்ங்க," என்றது துடைப்பம், சட்டென்று. "சும்மா கத்திக்கிட்டே கெடக்கும்."

பை பூட்டைப் பார்த்தது. பூட்டு தரையைப் பார்த்தது. தட்டுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அந்த நோய் எப்படி வந்தது என்று கேட்பார்களே என்று விழுங்கிக்கொண்டது.

பையும் ஏதோ சொல்லப்போனது. "போன வருஷம் எங்க இடத்துல..." என்று ஆரம்பித்து, பளிச்சென்றிருந்த தரையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது. "ஒண்ணுமில்லை. நீங்கதான் எங்களுக்குச் சொல்லித்தரணும் போலிருக்கு. அப்ப நான் கிளம்புறேன்."

"பாத்தியா, பாத்தியா! நம்மகிட்ட அவங்க கத்துக்கணுமாம்!" பை வாசலைத் தாண்டியதும் துடைப்பம் ஒரு சுற்றுச் சுற்றியது.

பூட்டு திறந்தது. மொச்சையின் வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தட்டு வெளியே பாய்ந்தது. விளிம்பில் நின்று, கல்லிலும் தாரிலும் கணகணவென்று உருண்டு, பஸ் நிறுத்தத்தில் பையைப் பிடித்தது.

அங்கே சாய்ந்து நிற்கச் சுவர் இல்லை. பையின் மறுபக்கம் முழுக்கக் கிழிந்து, சணலால் தைத்திருந்தது.

"ஐயா, உள்ள ஒரு குட்டி கெடக்குது. நாங்க பூட்டி வச்சோம். அந்த நோவ கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். செத்த நாய் தின்ன சோத்துத் தட்டு, சரியா கழுவாம அதுகிட்டப் போனேன்."

பை தட்டின் பக்கமாகக் குனிந்தது.

"எங்க இடத்துல போன வருஷம் பதினோரு குட்டி செத்துச்சு," என்றது. "ஒரே தட்டு. பெரியவங்க யாராவது வந்தா நாங்களும் பூட்டிருவோம். அதை உங்ககிட்ட சொல்லிட்டு வரச்சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க. இங்க எல்லாம் நல்லாயிருக்கிறதைப் பாத்ததும் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இங்க எங்கய்யா நல்லாயிருக்கு?"

இரண்டும் ஓடின. வந்த பஸ் ஆளில்லாத நிறுத்தத்தைத் தாண்டிப் போனது.

துடைப்பம் பின்னறை மூலையில் சாய்ந்திருந்தது. மொச்சையின் வயிறு இப்போது அசையவில்லை. உடம்பில் சூடு மட்டும் இருந்தது.

பை குளுக்கோஸ் பாட்டிலை வெளியே எடுத்தது. திரும்ப உள்ளே வைக்க மனசு வரவில்லை. மூடி உடைக்காத பாட்டிலை மொச்சை பக்கத்திலேயே வைத்துவிட்டு, கிழிந்த பக்கம் வெளியே தெரிய உட்கார்ந்தது. தட்டு அதன் அருகில் கவிழ்ந்து கிடந்தது.

வாசலில் ஏதோ வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. துடைப்பம் பதறி எழுந்தது.

"யாரோ வராங்க. கதவைப் பூட்டிடலாமா?"

பூட்டு முதல் தடவையாக மறுத்துப் பேசியது.

"இனிமே எதுக்கு?"